இடப்பக்கம் சாய்ந்த மூன்று தையல்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதறேன். முழங்கால் எப்படி இருக்கு? எண்ணெய் தேய்க்கறியா, இல்ல பாட்டிலை அலமாரியில அழகுக்கு வெச்சிருக்கியா? எனக்கு இருமல் விட்டுடுச்சு. சாப்பாடும் நேரத்துக்கு நடக்குது, நீ கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்.

இதைத் தபால்ல போடலை. உங்க திரைச்சீலைக் கடைக்குத் துணி ரோல் ஏத்திட்டு வர்ற லாரிக்காரர் கையில கொடுக்கறேன். ரோல் சுத்தற அட்டைக் குழாய்க்குள்ள இருக்கும். பதிலையும் அவர்கிட்டயே கொடு.

போன ஞாயித்துக்கிழமை காலையில பதினொரு மணிக்கு ஒரு படவிழா நடத்தினோம். அரசாங்க முத்திரை வாங்காத படம். முத்திரை இல்லாத படத்தைப் பத்து பேருக்கு மேல சேர்ந்து பார்த்தா குத்தம்னு உனக்குத் தெரியும். நாங்க பதினொரு பேர். அந்தப் பதினொன்னாவது ஆள் நான்தான், ப்ரொஜெக்டரை யாராவது ஓட்டணுமே! அதுவும் எங்க கடைக்கு ரிப்பேருக்கு வந்ததுதான். சரி பண்ணினா ஓட்டிப் பார்க்க வேண்டாமா?

இடம், ஒரு பல் டாக்டரோட காத்திருக்கற அறை. ஒவ்வொருத்தரா கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே வந்தாங்க. வாசல்ல செருப்பு சேர்ந்தா தெருவுக்குத் தெரியும்னு எல்லாரும் செருப்பை மடியில வெச்சுக்கிட்டுப் படம் பார்த்தோம். நடுவுல யாரோ கதவைத் தட்டினாங்க. படத்தை நிறுத்திட்டு மூச்சு விடாம உட்கார்ந்திருந்தோம். நிஜமாவே பல் வலிக்காரர். டாக்டர் அவரைத் திருப்பி அனுப்பிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஒரே குறை, திரை. டாக்டர் வீட்டுப் பூப்போட்ட படுக்கை விரிப்பைக் கட்டியிருந்தோம். படத்துல பேசின கிழவர் கன்னத்துல கடைசி வரைக்கும் ஒரு ரோஜாப்பூ. அடுத்த தடவை இருபது பேராவது வருவாங்க. ஜன்னல் வெளிச்சம் புகாம, பின்னால கறுப்புத் துணி கொடுத்து ஒரு வெள்ளைத் திரை தைச்சுத் தருவியா? நான் வேற யார்கிட்ட கேக்க முடியும்?

முழங்காலைப் பார்த்துக்கோ.

உன் தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

நலம்னு எழுத எனக்கு வராது. முழங்கால் படி ஏறறப்ப ஒரு சத்தம், இறங்கறப்ப வேற சத்தம். தையல் மிஷின் மிதிச்சு மிதிச்சே இது போச்சு. இப்பக் கடையில என்னைத் துணி வெட்டற மேஜைக்கு மாத்திட்டாங்க, நின்னுக்கிட்டே வேலை. அதுக்கும் வலிக்குது. நீ எப்படி இருக்கே? உனக்கு புத்தி எப்படி இருக்கு? அதை முதல்ல எழுது.

ஏண்டா, போன தடவை பிடிச்சப்ப தாள்ல கையெழுத்து போட்டுட்டு வந்தியே, அதுல என்ன எழுதியிருந்ததுன்னு மறந்துட்டியா? ரெண்டாவது தடவை மாட்டினா பத்து வருஷம். எனக்கு அந்தத் தாள் நல்லா ஞாபகம் இருக்கு. நீ தூங்கினப்பறம் உன் சட்டைப் பையிலேர்ந்து எடுத்து மூணு தடவை படிச்சேன். பல் டாக்டராம், செருப்பை மடியில வெச்சாங்களாம். நீ என்னமோ பிக்னிக் போயிட்டு வந்த மாதிரி எழுதறே.

உன் அம்மா, என் சித்தி, ஆறு வயசுல உன்னை எங்க வீட்டு வாசல்ல விட்டுட்டு, ஒரு வாரத்துல வர்றேன்னு சொல்லிட்டுப் போனா. வரலை. உன் தட்டுல சோறு வெச்சது நான். உன்னைப் பத்து வருஷம் கம்பி வழியா பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. திரையெல்லாம் தைக்க முடியாது. கீழ் வீட்டு அம்மாவுக்கு என் மிஷின் சத்தம் கேட்டாலே மாடிப்படி வரைக்கும் வந்து, என்ன தைக்கறீங்கன்னு விசாரணை.

இத்தோட நிறுத்தறேன். நல்லா சாப்பிடு.

அக்கா

அந்தச் சுவர் எத்தனை அடி அகலம்? கேட்டு வைக்கறேன், அவ்வளவுதான். துணிக்கு நடுவுல தையல் வரக்கூடாது, முகத்துல கோடு விழும். அளவை ஒழுங்கா எடு.


ஏப்ரல் 30

அன்புள்ள அக்கா,

புத்தி அப்படியேதான் இருக்கு. உடம்பு நல்லாருக்கு. மேஜைக்கு மாறினப்பறமாவது காலுக்கு ஓய்வு கிடைக்குதா?

குழாய்க்குள்ளேர்ந்து திரையை உருவினப்ப நாங்க நாலு பேரும் விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்தோம். ஒரு சுருக்கம் இல்லை, நடுவுல ஒரு தையல் இல்லை. மேலயும் கீழயும் கம்பி நுழைக்க மடிப்பு வேற கேக்காமலே வெச்சிருக்கே. இந்தத் தடவை ரொட்டி சுடற இடத்துக்குப் பின்னால மாவு மூட்டை வைக்கற குடோன்ல நடந்தது. வந்தவங்க எல்லாரும் கையில ஒரு ரொட்டிப் பையோட வந்தாங்க. முப்பத்தெட்டு பேர்.

ஒரு நர்ஸ் எடுத்த படம் போட்டோம். ஆஸ்பத்திரி நடையில ஒரு பெஞ்சு, அதுல மாறி மாறி உட்கார்ற ஆளுங்க, அவ்வளவுதான் படம். அந்தக் காய்ச்சல் பரவின மாசம் எடுத்தது. பெஞ்சுல இருந்து உள்ளே போய்த் திரும்பி வராதவங்களோட எண்ணிக்கையும் அரசாங்கம் சொன்ன சாவு எண்ணிக்கையும் ஒத்துப்போகலை, அதான் முத்திரை கிடைக்காது. என் பக்கத்துல ஒருத்தர், அதோ எங்க அப்பான்னு சத்தம் போட்டே சொல்லிட்டார். நான் அவர் வாயைப் பொத்தினேன். என் கையெல்லாம் ஈரம் ஆயிடுச்சு.

உன் திரையில ஒரு சமாச்சாரம் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு வந்தது, சந்தோஷமாவும் இருந்தது. நேர்ல சொல்றேன்.

கடைவீதி முனையில ரெண்டு நாளா ஒரு வெள்ளை வண்டி நிக்குது. பால் வண்டின்னு சொல்றாங்க. பால் இறக்கி நான் பார்க்கலை. அது இருக்கட்டும், இன்னும் மூணு திரை கிடைக்குமா? வேற ஊர்க்காரங்க கேக்கறாங்க.

உன் தம்பி


மே 26

தம்பிக்கு,

முழங்கால் அதே பாட்டு. வீங்கினா வீங்கட்டும்னு விட்டுட்டேன். உனக்கு மறுபடி இருமல்னு லாரிக்காரர் சொன்னார். நீ எழுதலை. எழுதாம விட்டா எனக்குத் தெரியாமப் போயிடுமா?

மூணும் அனுப்பியிருக்கேன். கீழ் வீட்டு அம்மா வெளியே போற நேரம் பார்த்து மிஷினை மிதிக்கறேன். நேத்து அந்த அம்மா போகலை போல. தைச்சு முடிச்சு நிமிர்ந்தா வாசல்ல நிக்கறாங்க! இவ்வளவு பெரிய திரைச்சீலை யார் வீட்டுக்குன்னு கேட்டாங்க. கல்யாண மண்டபத்துக்குன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எந்த மண்டபம்னு கேட்டாங்க. பக்கத்து ஊர்லன்னு இன்னொரு பொய்யும் சொன்னேன். இந்த வயசுல என்னைப் பொய் சொல்ல வெச்சுட்டே.

ஒண்ணு மட்டும் கேக்கறேன். அந்தப் பெஞ்சுப் படத்துல, காய்ச்சல்ல போனவங்கள்ல, வயசான ஒரு ஆள், சாம்பல் நிற ஸ்வெட்டர், கையில பிளாஸ்டிக் கூடை, இருந்தாரா? அப்பா, உன் பெரியப்பா, அப்படித்தான் போனார். அன்னைக்கு எங்களை உள்ளே விடலை. பார்த்தா எழுது. இல்லைன்னாலும் எழுது.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்கா,

இருமல் பெரிசா இல்லை. உன் கால்தான் பெரிசு. டாக்டர்கிட்ட காட்டினியா?

பெரியப்பா இருக்கார், அக்கா. நாப்பத்திரெண்டாவது நிமிஷத்துல வந்து உட்கார்றார். கூடையை மடியில வெச்சுக்கறார். பக்கத்துல இருக்கற பொண்ணு தண்ணி கேக்குது, கூடையிலேர்ந்து பாட்டிலை எடுத்துக் கொடுக்கறார். நாலு நிமிஷம் இருக்கார். நான் ஏப்ரல்லயே பார்த்துட்டேன். எப்படி எழுதறதுன்னு தெரியலை.

போன மாசம் நீ அனுப்பின அஞ்சு திரையும் சேர்ந்து, இப்ப ஆறு ஊர்ல நடக்குது. எல்லா ஊர்லயும் சேர்த்து நானூறு பேருக்கு மேல. யாரை உள்ளே விடறது, யாரை விடக்கூடாதுன்னுதான் பெரிய கவலையா இருந்தது. தாள்ல எழுதினா மாட்டுவோம், போன்ல சொன்னா அதைவிட சீக்கிரம் மாட்டுவோம். அப்பதான் எனக்கு ஒரு யோசனை வந்தது.

நீ கவனிச்சியான்னு தெரியலை. நீ அனுப்பின ஒவ்வொரு திரையிலயும் கீழ் மூலையில மூணு பச்சைத் தையல் இருக்கு. இடப்பக்கம் சாஞ்சு, பக்கத்துப் பக்கத்துல. என் பள்ளிக்கூடச் சட்டைக் காலர்லகூட அதைப் போடுவியே, பசங்க கேலி பண்ணுவாங்களே! அதைத்தான் அடையாளமா வெச்சிருக்கோம். விரலளவு துணி, அதுல மூணு பச்சைத் தையல். துணியைக் காட்டறவங்க உள்ளே வரலாம். டாக்டர் சம்சாரமும் இன்னும் ரெண்டு பேரும் உட்கார்ந்து நானூறு துணி தைச்சாங்க. உன் கை ஆறு ஊருக்குப் போயிருக்கு, அக்கா. உனக்குப் பெருமையா இருக்கும்னு நினைச்சேன்.

அக்டோபர் முதல் ஞாயித்துக்கிழமை எல்லா ஊர்லயும் ஒரே நேரத்துல பெஞ்சுப் படம் போடறோம்.

உன் தம்பி


ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கே? லாரி ரெண்டு தடவை வந்துட்டுப் போயிடுச்சு, குழாய் காலியாத்தான் திரும்பி வந்தது. கோவமா? கோவமா இருந்தாலும் ரெண்டு வரி திட்டியாவது எழுது. நீ திட்டாம இருந்தா எனக்கு என்னமோ போல இருக்கு.

ஒரு ஊர்ல மட்டும் சின்னக் கலவரம். ஆளுங்க பின்பக்கமா தப்பிச்சுட்டாங்க, ஒருத்தரும் மாட்டலை. சோதனைக்கு வந்தவங்க திரையை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. துணிதானே. ஒண்ணும் பயப்படாதே. எனக்கும் பயம் இல்லை.

பதில் எழுது.

உன் தம்பி


ஆகஸ்ட் 20

தம்பிக்கு,

துணிதானேன்னு எழுதியிருக்கே. பொறுமையா படி, இதை நான் ஒரு தடவைக்கு மேல எழுத மாட்டேன்.

எங்க கடையில ஆறு பேர் தைக்கறோம். யார் தைச்சதுல பிழை வந்ததுன்னு கண்டுபிடிக்க ஆளுக்கு ஒரு நிறம். தைச்சு முடிச்சதும் மூலையில அந்த நிறத்துல மூணு தையல் போடணும். பத்தொன்பது வருஷமா பச்சை என்னுது. கண்ணை மூடிக்கிட்டுத் தைச்சாலும் கடைசியில என் கை தானா பச்சை நூலைத் தேடும். உன் திரையிலயும் போட்டிருக்கு. நான் போட்டேன்னு எனக்கே தெரியாது, உன் கடிதம் பார்த்துதான் தெரியும். அந்தப் பயத்துலதான் ரெண்டு தடவை லாரி வந்தும் பதில் கொடுக்கலை. ஏப்ரல்லயே திரையில ஒரு சமாச்சாரம் பார்த்தேன்னு எழுதினியே. ஏண்டா, அன்னைக்கே ஒரு வரி எழுதியிருந்தா பிரிச்சு எறிஞ்சிருப்பேனே! நேர்ல சொல்றேன்னு எழுதினே. எப்ப வந்தே நீ நேர்ல?

இப்பப் பச்சை என்னுது இல்லை. என்னை மேஜைக்கு மாத்தினப்ப, பச்சையைப் புதுசா சேர்ந்த பொண்ணுக்குக் கொடுத்துட்டாங்க. சிட்டுன்னு கூப்பிடுவோம், அவ்வளவு சின்னதா இருப்பா. மூணு வயசுல ஒரு பொண்ணு அவளுக்கு.

ஒன்பதாம் தேதி ரெண்டு பேர் கடைக்கு வந்தாங்க. ஒருத்தர் கையில நான் தைச்ச திரை, நாலா மடிச்சு. துணிக் கரையில இருந்த ஆலை முத்திரையை வெச்சு ஒவ்வொரு கடையா ஏறி இறங்கி வந்திருக்காங்க. முதலாளி மூலையைப் பார்த்துட்டு, இது எங்க கடைத் தையலாச்சேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். பெருமை அவருக்கு. பச்சை யாருன்னு கேட்டாங்க. சிட்டு கையைத் தூக்கினா. ஏதோ பாராட்டப் போறாங்கன்னு நினைச்சிருக்கா.

நான் கத்திரிக்கோலோட மேஜைகிட்ட நின்னேன். நாலு அடி தூரம். வாயைத் திறக்கலை. அவளைக் கூட்டிட்டுப் போறப்ப, அக்கா, மிஷினை மூடி வெச்சுடுங்கன்னு என்கிட்டதான் சொல்லிட்டுப் போனா.

பதினொரு நாள் ஆச்சு. குழந்தை என்கிட்ட இருக்கு. அவ புருஷன் தினமும் அந்த ஆபீஸ் வாசல்ல போய் நிக்கறான். குழந்தை ராத்திரி எழுந்து, அம்மா மிஷின் சத்தம் கேக்குதுங்குது. கேக்கலை. நான் மிஷினைத் தொடறதே இல்லை.

அக்கா


ஆகஸ்ட் 29

அக்கா,

உன் கடிதத்தைப் படிச்சுட்டுப் பையில துணியை அடுக்கினேன். அங்கே வந்து, எல்லாத்துக்கும் நான்தான் காரணம்னு சொல்லிடறதுன்னு முடிவு பண்ணினேன். பஸ் நிலையம் வரைக்கும் போனேன். டிக்கெட் கொடுக்கற ஜன்னல்கிட்ட ஒரு ஆள் வெறுமனே நின்னான், என்னையே பார்த்த மாதிரி இருந்தது. திரும்பி வந்துட்டேன். அடுத்த நாளும் போனேன். அன்னைக்கு யாருமே இல்லை, அப்பவும் திரும்பி வந்துட்டேன்.

போன தடவை உள்ளே வெச்சிருந்த ஒன்பது நாளைப் பத்தி நான் உனக்குச் சொன்னதே இல்லை. இப்பவும் சொல்லலை. ஆனா பஸ் நிலையத்துல நிக்கறப்ப அதுதான் ஞாபகம் வந்தது, அக்கா. எனக்குப் பயம் இல்லைன்னு எழுதினேனே, அது பொய்.

ஒரு வக்கீல் இருக்கார். ஆதாரம் இல்லாம ஒரு மாசத்துக்கு மேல வெச்சிருக்க மாட்டாங்கன்னு சொல்றார். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா? நீ எதுவும் பண்ணிடாதே. அக்டோபர் விழாவை நிறுத்திடறேன். துணி எல்லாத்தையும் எரிக்கச் சொல்லிட்டேன்.

கால் எப்படி இருக்குன்னு கேக்க மறந்துட்டேன். எப்படி இருக்கு?

தம்பி


செப்டம்பர் 5

என் தம்பிக்கு,

கால் வலிக்குது. ரெண்டும். இடது அதிகமா.

வக்கீல் சொல்ற ஒரு மாசம் அவருக்கு ஒரு மாசம். இங்கே ஒரு குழந்தை தினமும் வாசலைப் பார்த்துக்கிட்டுச் சாப்பிடுது. நீயும் அப்படித்தான் சாப்பிட்டே, ஆறு வயசுல, எங்க வீட்டு வாசலைப் பார்த்துக்கிட்டு. அதை என்னால இன்னொரு தடவை பார்க்க முடியாது.

நாளைக்குப் போறேன். அந்தப் பச்சைத் தையல் சிட்டுவோடது இல்லைன்னு நிரூபிக்க எனக்கு எந்த வக்கீலும் வேண்டாம். நான் இடக்கைக்காரி. என் தையல் இடப்பக்கம் சாயும், மத்தவங்களுக்கெல்லாம் வலப்பக்கம் சாயும். ஒரு ஊசியும் நூலும் கொடுத்தாப் போதும், அவங்க கண் முன்னாலயே தைச்சுக் காட்டிடுவேன். நீங்க தைச்ச நானூறும் வலக்கை வேலையாத்தான் இருக்கும், என் கணக்குல சேராது, அது ஒரு நல்ல காலம்.

யாருக்குத் தைச்சேன்னு கேப்பாங்க. யாரோ வந்து கேட்டாங்க, தைச்சேன், பேர் தெரியாதுன்னு சொல்லுவேன். நீயும் நானும் ஒரே தட்டுல சாப்பிட்டாலும் தாள்ல நமக்குள்ள உறவே இல்லை. உன் அப்பா பேர் வேற, ஊர் வேற. சித்தி உன்னை எங்ககிட்ட விட்டுட்டுப் போனதை எந்த ஆபீஸ்லயும் எழுதி வைக்கலை. அன்னைக்கு அதுக்காக எவ்வளவு அலைஞ்சோம், பள்ளிக்கூடத்துல சேர்க்க ஒரு தாள் இல்லாம! இப்ப அதுவே நல்லதாப் போச்சு. எனக்கு முதல் தடவை, துணி தைச்ச குத்தம், ரெண்டு வருஷம்னு சொல்றாங்க. உனக்குப் பத்து. இதுல யோசிக்க என்ன இருக்கு? நீ வந்தியோ, நான் போனது வீண். வராதே. சத்தியமா வராதே.

இவ்வளவு தைரியமா எழுதறேனேன்னு நினைக்காதே. காலையிலேர்ந்து நாலு தடவை வாந்தி எடுத்தேன். வெறும் தண்ணிதான் வருது. மாத்துத் துணி ரெண்டு, எண்ணெய் பாட்டில், சீப்பு எடுத்து வெச்சிருக்கேன். எண்ணெய்யை உள்ளே விடுவாங்களா?

விழாவை நிறுத்தாதே. ஒன்பது திரை தைச்சிருக்கேன், அதுல ஒரு படம்கூட நான் பார்க்கலை. நாப்பத்திரெண்டாவது நிமிஷம்னு எழுதினியே, அதையாவது நாலு பேர் பார்க்கட்டும். அப்பா யாருக்கோ தண்ணி கொடுத்தார்னு தெரிஞ்சதும் எனக்கு எவ்வளவு நிம்மதின்னு உனக்கு எழுதவே இல்லை. இப்ப எழுதிட்டேன்.

இருமலுக்கு மருந்து வாங்கு.

உன் அக்கா


செப்டம்பர் 27

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. சிட்டுன்னு அக்கா எழுதியிருப்பாங்க. லாரிக்காரர்தான் உங்களைப் பத்திச் சொன்னார், முகவரியைச் சொல்லலை, கடிதத்தை மட்டும் கொடுன்னார். நான் வீட்டுக்கு வந்து இருபத்தோரு நாள் ஆச்சு. கை விரல்தான் இன்னும் சரியா மடங்கலை, எழுத்துக் கோணலா இருந்தா மன்னிச்சுக்கோங்க.

அன்னைக்கு நடந்ததை நீங்க தெரிஞ்சுக்கணும். என்னை ஒரு அறைக்குக் கூட்டிட்டு வந்தாங்க. அக்கா நாற்காலியில உட்கார்ந்திருந்தாங்க, மடியில ஒரு கைப்பை. அதிகாரிகிட்ட ஊசி கேட்டாங்க. ஊசியில நூல் கோக்க முடியலை. வீங்கின விரலோட நான்தான் கோத்துக் கொடுத்தேன். இடக்கையால மூணு தையல் போட்டாங்க. அப்பறம் என்னைப் போடச் சொன்னாங்க. ரெண்டையும் திரை மூலைக்குப் பக்கத்துல வெச்சாங்க. அதிகாரி மூணையும் மாறி மாறிப் பார்த்தார். யாருக்காகத் தைச்சேன்னு கேட்டார். தெரியாதுன்னாங்க. நாலு தடவை கேட்டார், நாலு தடவையும் தெரியாதுன்னாங்க. அதுக்கப்பறம் என்னை வெளியே அனுப்பிட்டாங்க. கதவைச் சாத்தினதும் அக்கா கத்தற சத்தம் ஒரு தடவை கேட்டுச்சு. அதை எழுதலாமா வேண்டாமான்னு மூணு நாள் யோசிச்சேன்.

கடையில பச்சை நூலை முதலாளி எடுத்துட்டார். எனக்கு இப்ப மஞ்சள்.

சிட்டு


அக்டோபர் 19

அண்ணாவுக்கு,

வீட்டுல எல்லாரும் சௌக்கியம். அக்காகிட்டேர்ந்து தபால்ல ஒரு கடிதம் வந்தது. சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான் எழுதலாமாம், அதனால என்னைத் தங்கச்சின்னு போட்டு எழுதியிருக்காங்க. மேல, படிச்சுப் பார்த்ததுக்கு ஒரு முத்திரை இருக்கு. அப்படியே எழுதி அனுப்பறேன். இவ்வளவுதான் இருந்தது.

"அன்புத் தங்கைக்கு, நான் நலம். இங்கே எல்லாரும் நல்லபடியா நடத்தறாங்க. சாப்பாட்டுக்குக் குறை இல்லை. தையல் அறையில மிஷின் கொடுத்திருக்காங்க, தினமும் விரிப்பு தைக்கறேன். இங்கே ஆளுக்கு ஒரு நிறம் கிடையாது, எல்லாருக்கும் வெள்ளை நூல்தான். முழங்கால் வலி சுத்தமா இல்லை. குழந்தையைப் பார்த்துக்கோ. அக்கா."

முழங்கால் சரியாயிடுச்சுன்னு எனக்கு ஒரே சந்தோஷம், அண்ணா.

சிட்டு


நவம்பர் 3

தங்கச்சி சிட்டுவுக்கு,

உன் விரல் சரியாகட்டும். என் பிழைக்கு நீ இருபத்தெட்டு நாள் உள்ளே இருந்தே. உன்கிட்ட மன்னிப்புக் கேக்கற தகுதிகூட எனக்கு இல்லை, இருந்தாலும் கேக்கறேன்.

அக்டோபர் முதல் ஞாயித்துக்கிழமை விழா நடந்தது. ஏழு ஊர், காலையில பதினொரு மணி, ஆயிரத்துக்கு மேல ஆளுங்க. நான் இருந்த இடத்துல ப்ரொஜெக்டர் பக்கத்துலயே நின்னேன், கண்ணு கதவு மேலயே இருந்தது. நாப்பத்திரெண்டாவது நிமிஷத்துல மட்டும் திரையைப் பார்த்தேன். முடிஞ்சு எல்லாரும் வெளியே போறப்ப ஒரு வயசான அம்மா நின்னு, திரை மூலையைத் தடவிப் பார்த்துட்டு, எவ்வளவு நேர்த்தியா இருக்கு, யார் தைச்சதுன்னு என்கிட்ட கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னேன். அக்கா அங்கே சொன்ன அதே வார்த்தை. அவங்க என்னைக் காப்பாத்தறதுக்குச் சொன்னாங்க. நானும் என்னைக் காப்பாத்திக்கறதுக்குத்தான் சொன்னேன்.

முழங்கால் வலி இல்லைன்னு படிச்சதும் நீ சந்தோஷப்பட்டே. உனக்குத் தெரியாது. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அக்கா நலம்னு எழுதினதே கிடையாது. மிஷின் மிதிக்கறவங்களுக்குக் கால் வலி போகாது. அந்தக் கடிதத்தை அவங்க எழுதலை, யாரோ பக்கத்துல நின்னு எழுத வெச்சிருக்காங்க.

கீழே இருக்கறதை மட்டும் உன் கையெழுத்துல எழுதி, உன் பேர் போட்டுத் தபால்ல சேர்த்துடு. மேல இருக்கறதைப் படிச்சதும் எரிச்சுடு.

"அன்புள்ள அக்காவுக்கு, இங்கே எல்லாரும் சௌக்கியம். குழந்தை இப்ப வாசலைப் பார்க்காம சாப்பிடுது. நம்ம இருமல்காரன் மருந்து வாங்கிட்டான், நேரத்துக்குச் சாப்பிடறான். எண்ணெய் பாட்டிலை உள்ளே விட்டாங்களா? முழங்கால் வலிக்கலைன்னு எழுதியிருந்தீங்க. இங்கே யாருக்கும் தூக்கம் வரலை. அடுத்த கடிதத்துல வேற எதுவும் எழுத வேண்டாம். கால் வலிக்குதுன்னு மட்டும் ஒரு வரி எழுதுங்க, அக்கா."